மானநஷ்ட வழக்கில் தொகையை எதை வைத்துப் போடுகிறார்கள்? – வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

பெயரைக் கெடுத்தவரிடம் நஷ்டஈடு கேட்பது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பலரும் கேட்பது ஒன்றுதான்: ‘எவ்வளவு கிடைக்கும்?’ அதனால் முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் சொந்தமாக விதைக்கடை வைத்திருக்கிறேன். ஆடியில் சம்பா விதை வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில், ‘அந்தக் கடையில் சி.ஆர். 1009 வாங்காதீங்க, கலப்பு விதைக்கு நீல அட்டை கட்டி விக்கிறான்’ என்று ஒருவர் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார். நீல அட்டை என்பது சான்று பெற்ற விதைக்கான அடையாளம். வியாபாரம் பாதியாகிவிட்டது. 50 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வக்கீல் நோட்டீஸில் எந்தத் தொகையை வேண்டுமானாலும் எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. வழக்குரையில், அதாவது வழக்குத் தொடுக்கக் கோர்ட்டில் கொடுக்கும் மனுவில், எழுதும் தொகைக்கோ தமிழ்நாட்டில் 100 ரூபாய்க்கு 3 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 50 லட்சம் கேட்டால் 1,50,000 ரூபாயை முதலிலேயே கட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கடைசியில் 2 லட்சம்தான் கிடைத்தது என்றால், செலவுத் தொகையையும் பெரும்பாலும் வென்ற அளவுக்கே தருவார்கள். மீதி உங்கள் கையை விட்டுப் போனதுதான். அதனால் கோபத்தில் தொகையை முடிவு செய்யாமல், கணக்கு நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீதிமன்றம் தொகையை இரண்டு பகுதியாகப் பார்க்கும். முதலாவது தனி நஷ்டஈடு, அதாவது ரூபாய்க் கணக்கில் காட்டக்கூடிய இழப்பு. இதை ஒவ்வொரு இனமாக வழக்குரையில் எழுதி, ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். எழுதாத இனத்தை விசாரணையில் சொன்னாலும் ஏற்க மாட்டார்கள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உங்கள் கடையில் முந்தைய மூன்று ஆண்டுகளின் ஆடி, ஆவணி விற்பனை சராசரியாக 20 லட்சம், இந்த ஆண்டு 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 9 லட்சம். ஆனால் உங்கள் இழப்பு 9 லட்சம் ஆகாது. அந்த விற்பனையில் உங்கள் கையில் நின்றிருக்கும் லாபம்தான் இழப்பு. அது 8 சதவீதம் என்றால் 72,000. இதோடு, விற்காமல் தேங்கிய விதையைச் சேர்க்கலாம். சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம்தான் ஆயுள். 30 கிலோ மூட்டை 60 தேங்கி, அதை நெல்லாகத் தள்ளிவிட்டதில் வாங்கின விலையைவிட கிலோவுக்கு 15 ரூபாய் நட்டம் என்றால் 27,000. மருந்து நேர்த்தி செய்த விதை என்றால் அதைச் சாப்பாட்டு நெல்லாக விற்கவே கூடாது, அதற்கு வாங்கின விலை முழுவதையும் கேட்கலாம். ஆக உங்கள் தனி நஷ்டஈடு ஏறக்குறைய 99,000 ரூபாய்.

இதற்கு பில் புத்தகம், இருப்புப் பதிவேடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வரிக் கணக்கில் 12 லட்சம் என்று காட்டிவிட்டு, கோர்ட்டில் 20 லட்சம் விற்றேன் என்றால் குறுக்கு விசாரணை முதல் நாளிலேயே வழக்கு பலவீனமாகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: ‘அந்த ஆண்டு மேட்டூர் எப்போது திறந்தது?’ வழக்கமான ஜூன் 12-க்குப் பதில், 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். தண்ணீர் தள்ளிப்போகும் ஆண்டில் விதை வியாபாரமும் தள்ளிப்போகும். உங்கள் விற்பனை குறைந்தது தண்ணீரால் அல்ல, அந்தப் பதிவால்தான் என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. அதற்குச் சிறந்த வழி நாள்வாரிக் கணக்கு. பதிவு வந்த தேதிக்கு முந்தைய பத்து நாள் விற்பனையையும் பிந்தைய பத்து நாள் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிப்போன இரண்டு விவசாயிகள் சாட்சி சொன்னால் அது நூறு வாதத்துக்குச் சமம்.

இரண்டாவது பகுதி பொது நஷ்டஈடு. இதற்கு ரசீது கேட்க மாட்டார்கள். பெயர் கெட்டது, மனம் நொந்தது, இழந்த நம்பிக்கையை மீட்டெடுக்க வேண்டியது எல்லாம் இதில் அடங்கும். இதற்குச் சட்டத்தில் அட்டவணை இல்லை, நீதிபதி எடைபோட்டுத்தான் முடிவு செய்வார். எடைபோடும்போது பார்ப்பவை இவை.

சொன்ன பொய் உங்கள் வாழ்வில் எதைத் தொட்டது என்பதற்கு முதல் இடம். விதைக்கடைக்காரரைப் பார்த்து ‘முன்கோபி’ என்பதும் ‘அட்டை மாற்றுகிறவன்’ என்பதும் ஒன்றல்ல. பின்னது தொழிலின் ஆணிவேரையே பிடுங்குகிறது. உரிமம் பறிபோகும் அளவுக்கான குற்றச்சாட்டு என்பதால் இதைக் கடுமையாகவே பார்ப்பார்கள்.

அடுத்தது எத்தனை பேருக்குப் போனது, யாருக்குப் போனது. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பள்ளித் தோழர்கள் குழுவில் 800 பேர் பார்த்ததைவிட, உங்கள் ஒன்றியத்து விவசாயிகள் குழுவில் 150 பேர் பார்த்ததுதான் அதிகச் சேதம். எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் குழுவின் தன்மையையும் எழுதுங்கள்.

மூன்றாவது, சொன்னவர் பிறகு நடந்துகொண்ட விதம். இதற்கு இருக்கும் எடை பலருக்குத் தெரிவதில்லை. விசாரிக்காமல் போட்டாரா, தவறு என்று தெரிந்தும் நீக்காமல் விட்டாரா, நோட்டீஸ் கிடைத்த பிறகு இன்னொரு குழுவிலும் போட்டாரா, ‘நான் சொன்னது உண்மை’ என்று எதிர்வழக்குரையில் எழுதி அதை நிரூபிக்க முடியாமல் தோற்றாரா? ஒவ்வொன்றும் தொகையைக் கூட்டும். உடனே நீக்கி, அதே குழுவில் மன்னிப்பு கேட்டிருந்தால் குறைக்கும். அதனால் அவருக்கு அனுப்பும் நோட்டீஸில் தொகையைவிட முக்கியமானது, ‘இத்தனை நாளுக்குள் நீக்கி, அதே குழுக்களில் திருத்தம் போடவும்’ என்ற வரி. அவர் அதை மதிக்காததே உங்கள் சான்றாகிவிடும்.

ஆதாரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து நீட்டினால் எதிர்ப்பு வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ‘அ’ பகுதியைத் தாக்கல் செய்பவரும் ‘ஆ’ பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடான ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். செய்தி வந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். போட்டவர் ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுத்துவிட்டால், குழுவில் உள்ள வேறு யாரிடமாவது பிரதி இருக்கிறதா என்று அன்றே தேடுங்கள். அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர் கூண்டேறி, ‘படித்தேன், இந்தக் கடையைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது’ என்று சொல்ல வேண்டும். பதிவில் கடையின் பெயர் இல்லாவிட்டாலும் அந்தச் சாட்சியம் போதும். உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பிய செய்தி என்றால் அது அவதூறு வழக்கில் நிற்காது, மூன்றாம் நபர் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

வழக்குப் போடும் முன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த லாட்டிலாவது (விதைத் தொகுதியிலாவது) உண்மையில் குறை இருந்ததா? நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். அதற்குக் கீழே போன லாட் ஒன்று உங்கள் கடையில் பிடிபட்டிருந்தால் முதலில் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். சிவில் வழக்கில் உண்மை என்பதே முழுப் பாதுகாப்பு. அதை நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு என்றாலும், விதை ஆய்வாளரின் ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தால் போதும்.

எங்கள் கருத்து: நீங்கள் சொல்லும் நிலவரத்துக்கு, தனி நஷ்டஈடு 99,000, பொது நஷ்டஈடு 4 லட்சம் என்று பிரித்து, ஏறக்குறைய 5 லட்சம் கேட்பது நியாயமாகவும் நிற்கக்கூடியதாகவும் இருக்கும். கட்டணம் 15,000 அளவில் முடியும். கேட்டதற்கு மேல் நீதிமன்றம் தராது என்பதால் மிகக் குறைத்தும் கேட்க வேண்டாம். கடை உங்கள் பெயரில் இருப்பதால் மனவேதனையையும் சேர்த்துக் கேட்கலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனிக்கு மனவேதனை கிடையாது, வியாபாரப் பெயருக்கான சேதத்தை மட்டுமே கேட்கலாம்.

கேள்வி: டி.வி. சேனல் ஒன்றுக்கு 100 கோடி போட்டார்கள் என்று படித்தேன். சாதாரண ஆட்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில்தானா? – கும்பகோணம் வாசகர்

பதில்: நீங்கள் படித்தது உண்மை. 2008 செப்டம்பர் 10 அன்று, வருங்கால வைப்பு நிதி முறைகேடு பற்றிய செய்தியில், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தை டைம்ஸ் நவ் சில விநாடிகள் காட்டிவிட்டது. பெயர் ஒலிப்பில் ஒத்திருந்த வேறு ஒரு நீதிபதியைப் பற்றிய செய்தி அது. சாவந்த் கேட்ட 100 கோடியையும் 2011-ல் புனே நீதிமன்றம் அப்படியே கொடுத்தது. மேல்முறையீட்டுக்கு 20 கோடி ரொக்கமும் 80 கோடிக்கு வங்கி உத்தரவாதமும் கட்டச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம், அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது.

இதை அளவுகோலாக வைத்து வழக்குப் போட வேண்டாம் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறோம். மற்ற தீர்ப்புகளைப் பாருங்கள். ராம் ஜெத்மலானி சுப்பிரமணியன் சுவாமி மீது போட்ட வழக்கில் 2006-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்தது 5 லட்சம். ஐ.நா.வில் பணியாற்றிய முன்னாள் தூதர் லட்சுமி பூரியின் வழக்கில் 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் 50 லட்சம் போட்டது. நாளிதழிலும் எக்ஸ் தளத்திலும் மன்னிப்பு வெளியிட வேண்டும், எக்ஸ் பதிவு 6 மாதம் நீக்கப்படாமல் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. மறுபக்கம், 17 வயது மாணவி ஒருவர் இளைஞருடன் ஓடிப்போனதாக 1977-ல் ராஜஸ்தான் நாளிதழ் ஒன்று பொய்யாக எழுதிய வழக்கு, 1997-ல் உயர் நீதிமன்றத்தில் வெறும் 10,000 ரூபாயில் முடிந்தது. ஒரு பெண்ணின் இளமை முழுவதும் சுமந்த பழிக்கு அந்தத் தொகை போதவே போதாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்தில் ஜூரிகள், அதாவது வழக்கை முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவினர், கண்டபடி தொகை போட்டுவந்தார்கள். பாடகர் எல்டன் ஜானுக்கு ஜூரி கொடுத்த 3,50,000 பவுண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 75,000-ஆகக் குறைத்தது. விபத்தில் உடல் உறுப்பை இழந்தவருக்குக் கிடைக்கும் தொகையையும் மனதில் வைத்துப் பார்க்கலாம் என்றது. நம் ஊரில் ஜூரி இல்லை, நீதிபதியே முடிவு செய்கிறார். அதனால் உங்கள் வக்கீல் ஒத்த தன்மையுள்ள நான்கைந்து தீர்ப்புகளை எடுத்து வைத்து, ‘இதில் இவ்வளவு கொடுத்தார்கள், எங்களுடையது அதைவிடக் கடுமையானது, காரணம் இது’ என்று வாதிட வேண்டும். பல வழக்குகளில் இதைச் செய்யாமலேயே, ‘தகுந்த தொகை வழங்கவும்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, ஊர்க் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து என் நடத்தையைப் பற்றிக் கேவலமாகப் பேசினார் ஒருவர். எழுத்தில் எதுவும் இல்லை. பண நஷ்டம் என்றும் காட்ட முடியாது. வழக்கு நிற்குமா? – பாபநாசம் வாசகி

பதில்: நிற்கும் அம்மா. வாய்ச்சொல்லுக்குப் பண இழப்பைக் காட்டினால்தான் வழக்கு என்ற பழைய ஆங்கில விதியை, பெண்ணின் கற்பைப் பழிக்கும் பேச்சுக்குப் பொருத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1884-லேயே, பார்வதி எதிர் மன்னார் வழக்கில் சொல்லிவிட்டது. பொது நஷ்டஈடு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் வழக்குரையில் ‘தகாத வார்த்தைகளால் பேசினார்’ என்று எழுதினால் போதாது. அவர் பேசியதைப் பேசியபடி, அதே சொற்களில், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும், எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், கேட்டவர்கள் பெயர் எல்லாம் வேண்டும். வெறும் வசவுக்கும் பழிக்கும் வித்தியாசம் உண்டு. ஆத்திரத்தில் கத்திய வசவு என்று எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும். மைக்கில், கூட்டத்தில், கோவையாகச் சொன்னார் என்பது அந்த வாதத்தை உடைக்கும். இன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களில் உறவினர் அல்லாத இரண்டு பேரைச் சாட்சியாகப் பிடியுங்கள், விழாவை யாராவது வீடியோ எடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தஞ்சாவூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ மனு கொடுங்கள்.

கேள்வி: முதலில் போலீஸ், கிரிமினல் வழக்கு, அது முடிந்த பிறகு நஷ்டஈடு கேட்கலாம் என்கிறார்கள். சரியா? – மன்னார்குடி

பதில்: தவறு. இதை நம்பி உரிமையை இழந்தவர்கள் நிறைய. காலவரையறைச் சட்டத்தின் 75, 76-ஆம் இனங்களின்படி நஷ்டஈட்டு வழக்குக்கு ஒரே ஆண்டுதான். எழுத்து என்றால் வெளியான நாளிலிருந்து, பேச்சு என்றால் பேசிய நாளிலிருந்து. வக்கீல் நோட்டீஸோ கிரிமினல் வழக்கோ இந்தக் கெடுவை நிறுத்தாது. கிரிமினல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை உண்டு. அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க மூன்று ஆண்டு இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ‘பதிவு இன்னும் இணையத்தில் கிடக்கிறதே, தினம் தினம் புதுக் குற்றம்தானே’ என்ற வாதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் ஏற்கவில்லை. முதல் நாளையே கணக்கில் எடுங்கள்.

கேள்வி: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு வாங்குகிறார்கள் என்று எழுதினேன். பொறுப்பாளர் மானநஷ்ட வழக்கு போடுவேன் என்று மிரட்டுகிறார். – திருவாரூர்

பதில்: அரசு அமைப்பே உங்கள் மீது மானநஷ்டஈடு கேட்க முடியாது. அரசு ஊழியரும் தன் அலுவல் தொடர்பான விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்டால், எழுதியது பொய் என்பதோடு, உண்மையா என்று சற்றும் பார்க்காமல் எழுதினீர்கள் என்பதையும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டுப் பத்திரிகை ஒன்றின் வழக்கில், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. ஆகவே நீங்கள் விசாரித்ததற்கான சுவடு இருக்க வேண்டும்: யார் எந்தத் தேதியில் எத்தனை மூட்டைக்கு எவ்வளவு கொடுத்தார், அவர் கையெழுத்திட்ட குறிப்பு, நிலையத்தின் பதிலைக் கேட்ட செய்தி. அலுவலைத் தாண்டி அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அந்த வரிக்குக் கிடைக்காது.

கேள்வி: என் மேல் பழைய அடிதடி வழக்கு ஒன்று உண்டு. அதைக் கிளறுவார்களா?

பதில்: தொகையைக் குறைப்பதற்காக உங்கள் ‘பொதுவான பெயர்’ எப்படி என்று சாட்சியம் கொடுக்கலாம், தனித்தனிச் சம்பவங்களைக் கொடுக்கக் கூடாது. சாட்சிய அதிநியத்தின் 50-ஆம் பிரிவும் அதன் விளக்கமும் சொல்வது இது. ஆனால் நீங்கள் கூண்டேறும்போது நம்பகத்தன்மையைச் சோதிப்பதாகச் சொல்லிக் கேட்பார்கள். மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா போட்ட மானநஷ்ட வழக்கு நடக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். நாங்கள் தொடரலாமா? – மயிலாடுதுறை

பதில்: தீர்ப்புக்கு முன் என்றால் முடியாது, வழக்கு அவரோடு முடிந்தது. அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்திருந்தால் அந்தத் தொகை அவர் சொத்தாகிவிட்டது, வாரிசுகள் தொடரலாம். 1986-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வேறுபாடு இது.

கேள்வி: மானநஷ்ட வழக்கில் டிகிரி (தொகையைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) வாங்கியாயிற்று. 1,50,000 ரூபாய். எதிராளி ‘என்னிடம் ஒன்றும் இல்லை’ என்கிறார். மேல்முறையீடு போகப்போவதாகவும் பேச்சு. – பட்டுக்கோட்டை

பதில்: மேல்முறையீடு தாக்கலானதாலேயே டிகிரி நின்றுவிடாது, தடை உத்தரவு வாங்க வேண்டும். தடை கேட்டால், தொகையில் ஒரு பங்கையாவது கட்டச் சொல்லும்படி நீங்கள் வலியுறுத்துங்கள். உங்கள் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனால் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்து வழக்குகள் சென்னைக்குப் போகும்.

டிகிரித் தொகையை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவில் எதைக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். எதிராளி விவசாயி என்றால் அவர் ஏர், உழவு மாடு, விதை நெல், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. அவற்றை ஜப்தி கேட்டால் மனு வீணாகும். நஞ்சை நிலத்தின் சர்வே எண், வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு, வாடகை வரும் கடை ஆகியவற்றை விசாரித்துப் பட்டியலாகக் கொடுங்கள். சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய அவருக்கு உத்தரவிடும்படியும் கேட்கலாம்.

அவர் பேசித் தீர்க்க வந்தால் தட்டிவிடாதீர்கள். இது டிகிரி வாங்காதவர்களுக்கும் பொருந்தும்: வழக்கு நிலுவையில் இருக்கும்போது சமரசமானால், தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவில் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் தங்களுக்குள் பேசி முடித்தவர்களுக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் உறுதி செய்தது. சமரசப் பத்திரத்தில் தொகை, கட்ட வேண்டிய தேதி, தவறினால் வட்டி மூன்றோடு, மன்னிப்பு வாசகத்தையும் அது எங்கே, எந்த அளவில், எத்தனை நாள் வெளியாக வேண்டும் என்பதையும் சொல்லுக்குச் சொல் எழுதி வாங்குங்கள். முதல் பக்கத்தில் பழி, எட்டாம் பக்க மூலையில் வருத்தம் என்று முடிந்துபோன சமரசங்கள் உண்டு.